பீம் கிளாம்ப் தேர்வு: லேபிளில் இருக்கும் எண் எந்தக் கேள்விக்கான பதில்?

சென்னைக்கு மேற்கே உள்ள ஒரு தொழிற்சாலை, தன் அவசரகாலக் குழுவுக்குக் கயிற்று மீட்புப் பயிற்சி கொடுக்கச் சொல்லிப் பழைய ஷெட் ஒன்றை எங்களுக்கு ஒதுக்கியது. தொட்டிக்குள் மயங்கியவரை மேன்ஹோல் வழியே தூக்குவது, ஹார்னஸில் தொங்கிக்கொண்டிருப்பவரை இன்னொருவர் போய்ச் சேர்த்துப் பிடித்து இறக்குவது, மேல்தளத்திலிருந்து ஸ்ட்ரெச்சரை இறக்குவது ஆகிய மூன்றும்தான் பாடத்திட்டம். மூன்றுக்குமே கயிறு மேலே எதிலாவது கட்டப்பட வேண்டும். ஷெட்டில் அதற்கு இருந்தவை 6 மீட்டர் நீள ஐஎஸ்எம்பி 300 பீம்கள், அதாவது 300 மி.மீ. உயரமுள்ள 'I' வடிவ இரும்பு உத்தரங்கள். அவற்றில் வெல்டிங் செய்யக் கூடாது, துளை போடக் கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அது நியாயமும்கூட. ஆக, பீமைக் கவ்விப் பிடிக்கும், கழற்றி மாட்டும் கிளாம்ப், இல்லையென்றால் பீமைச் சுற்றிக் கட்டும் ஸ்லிங். எதை வாங்குவது?

ஸ்டோரில் செயின் பிளாக் மாட்டுவதற்கான 2 டன் திருகுக் கிளாம்ப்கள் ஏற்கெனவே கிடந்தன. உயரத்தில் வேலை செய்பவர்களுக்காகப் பாதுகாப்புப் பிரிவு வாங்கிய, பீம் நெடுக நகரும் ஸ்லைடிங் ஆங்கர்களும் இருந்தன (ஆங்கர் என்றால் கயிற்றை மாட்டும் பிடிப்பு). அவற்றில் 22 கிலோநியூட்டன் என்று பொறித்திருந்தது. "ரெண்டு டன் தாங்குது சார், ரெண்டு ஆளுக்குப் போய் இவ்வளவு யோசிக்கணுமா?" என்று கேட்டார் ஸ்டோர் ஃபோர்மேன். கேட்டதில் தவறே இல்லை. அவருக்குச் சொன்ன பதிலின் விரிவுதான் இந்த ஆய்வு.

சுமை எங்கிருந்து வருகிறது

மீட்பவர் ஒருவர், மீட்கப்படுபவர் ஒருவர், உபகரணங்கள் எல்லாம் சேர்த்து 200 கிலோ என்று வைத்துக்கொண்டோம். ஏறக்குறைய 2 கிலோநியூட்டன். கயிறு பீமிலிருந்து நேராகத் தொங்கினால் பீமுக்கு வருவதும் அதே 2தான். ஆனால் மீட்பில் கயிறு அப்படிச் சும்மா தொங்குவது குறைவு. தரையில் நிற்கும் குழு இழுக்க வசதியாகப் பீமில் ஒரு புல்லி மாட்டி, கயிற்றை மேலே ஏற்றி மறுபக்கம் கீழே இறக்குவோம். அப்போது புல்லியின் இரு பக்கமும் 2, 2 என்று இழுபடும், பீமுக்கு 4. இரண்டு கயிற்றுக்கும் இடையிலான கோணம் விரிய விரிய இது குறையும். 120 டிகிரியில்தான் மறுபடி 2 ஆகும். மேன்ஹோல் மேலே புல்லி மாட்டி நேர் கீழே இழுக்கும்போது கோணம் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அதனால் இரண்டு மடங்குக்குக் குறைவாகக் கணக்குப் போட இடமில்லை.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது கீழே விழும் சுமை அல்ல, சிக்கிக்கொள்ளும் சுமை. ஸ்ட்ரெச்சரின் விளிம்போ டம்மியின் தோளோ மேன்ஹோல் உதட்டின் அடியில் மாட்டிக்கொள்ளும். கீழே பார்ப்பவர் "நிறுத்து" என்று கத்துவதற்குள் இழுக்கும் குழு இன்னும் ஒரு மூச்சு இழுத்துவிடும். ஒல்லியான கயிற்றை ஓர் ஆள் கையால் பிடித்து இழுத்தால் 25 கிலோ அளவு விசை வரும் என்று கொண்டால், நான்கு பேருக்கு 1 கிலோநியூட்டன். அவர்கள் இழுவிசையை மூன்று மடங்காக்கும் 3:1 புல்லி அமைப்பில் இழுக்கிறார்கள். உராய்வைக் கழிக்காமல் பார்த்தால் கயிற்றில் 3. பீமின் புல்லியில் அது 6. யாரும் விழவில்லை, எதுவும் அறுந்துபோகவில்லை, ஆனாலும் 6 கிலோநியூட்டன் வந்துவிட்டது. புதிதாகக் கற்பவர்கள் இழுக்கும் ஷெட்டில் இது தினமும் நடக்கக்கூடிய சங்கதி. உண்மையான மீட்பில் ஒரு கிளாம்ப் எப்போதாவது ஒருமுறை பார்க்கும் சுமையைப் பயிற்சிக் கிளாம்ப் வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கும்.

கயிற்றுவழிப் பணியாளர்களுக்கான ஐராட்டா அமைப்பின் வழிகாட்டியும் இதே 6-ஐத்தான் வேறு பக்கத்திலிருந்து தொடுகிறது. விழும் ஆள்மீது வரும் விசை 6 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது, அதற்கு இரண்டரை மடங்கு காப்பு என்று வைத்து, ஆங்கர் ஒவ்வொன்றும் குறைந்தது 15 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்கிறது. நாங்களும் 15-ஐ அடித்தளமாக வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு கயிற்றுக்கும் தனி ஆங்கர். ஒன்று போனால் மற்றொன்று தனியாகவே முழுச் சுமையைத் தாங்க வேண்டும்.

ஒரே எண், வேறு வேறு கேள்விகள்

இப்போது ஃபோர்மேனின் கேள்விக்கு வரலாம். ஸ்லைடிங் ஆங்கரில் இருக்கும் 22 கிலோநியூட்டன் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதியில் வரும் 5,000 பவுண்டு. ஓர் ஆள் விழுந்தால் அவரைப் பிடித்து நிறுத்தும் ஆங்கருக்கு, ஆள் ஒன்றுக்கு, அந்த விதி கேட்கும் பலம் அது. ஐரோப்பாவின் ஈஎன் 795 தரத்தில் இந்த மாதிரி கழற்றி மாட்டும் ஆங்கர் 'பி' வகையில் வரும். 12 கிலோநியூட்டனை 3 நிமிடம் தாங்க வேண்டும். துணி, நாடா வகை என்றால் 18. இந்த 'பி' வகையும் ஒரே ஓர் ஆளுக்கானதுதான்.

இரண்டு பேருக்கு என்று தேடினால் சிஇஎன் டிஎஸ் 16415 என்ற ஆவணம் கிடைக்கும். அது கூடுதல் ஆள் ஒருவருக்கு 1 கிலோநியூட்டன் சேர்க்கச் சொல்கிறது: 12 என்பது 13 ஆகும். இதைப் பார்த்து "அப்போ ரெண்டு ஆள் ஆங்கர் வாங்கினா மீட்புக்குச் சரியாப் போச்சு" என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அங்கே இரண்டு பேர் என்பது ஒரே ஆங்கரில் தனித்தனி லேன்யார்டு (ஹார்னஸை ஆங்கரோடு இணைக்கும் சிறு கயிறு) மாட்டி வேலை செய்யும் இரண்டு பேர். ஒரே கயிற்றில் ஒன்றாகத் தொங்கி, புல்லி வழியாக மேலே போகும் இரண்டு பேரைப் பற்றி அந்த 13 எதுவும் சொல்லவில்லை.

அமெரிக்கத் தீயணைப்புத் தரமான என்எஃப்பிஏ 1983, 2022 முதல் என்எஃப்பிஏ 2500-க்குள் அடங்கிவிட்டது. அதுதான் நேரடியாக மீட்பைப் பற்றிப் பேசுவது. மீட்பு உபகரணங்களை 'டி' (டெக்னிக்கல்), 'ஜி' (ஜெனரல்) என்று முக்கியமாக இரண்டாகப் பிரிக்கும். கயிறு என்றால் டி-க்கு 20 கிலோநியூட்டன், ஜி-க்கு 40; கேரபைனர் (திறந்து மூடும் இணைப்புக் கொக்கி) என்றால் 27, 40. சங்கிலியில் மற்றக் கண்ணிகள் எல்லாம் இந்த அளவில் இருக்க, மேலே 12 கிலோநியூட்டன் சான்று மட்டும் உள்ள ஒன்றை மாட்டினால், முழு அமைப்பின் பலமே அந்த 12தான்.

சரி, 2 டன் கிளாம்ப்? பலம் என்று பார்த்தால் இருந்தவற்றில் அதுதான் பெரியது. 2 டன் என்பது வேலைச்சுமை. உடையும் அளவை அதற்கு நான்கைந்து மடங்காகத் தயாரிப்பாளர்கள் வைப்பது வழக்கம். நான்கு என்று கொண்டாலே 78 கிலோநியூட்டன். ஆனால் அது சரக்கைத் தூக்கும் கிளாம்ப். கையேட்டில் ஆட்களைத் தூக்கக் கூடாது என்று தெளிவாக இருந்தது, சுமை நேர் கீழே மட்டுமே இழுக்க வேண்டும் என்றும் இருந்தது. இன்னொரு விஷயம், ஸ்டோரில் இருந்தவை என்னென்ன தூக்கின என்று யாருக்கும் தெரியாது. மோட்டார் ஒன்று சிக்கிக்கொண்டு செயின் பிளாக்கைக் கதறக் கதற இழுத்த நாள் எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது. ஆள் தொங்கும் ஆங்கருக்குப் பழைய கதை தெரியாமல் இருப்பதே விலக்கக் காரணம் என்பது என் கருத்து, எத்தனை டன் என்று எழுதியிருந்தாலும்.

ஐஎஸ்எம்பியின் சாய்வு

பட்டியலைப் பார்த்து வாங்குகிறவர்கள் கவனிக்காத இடம் இதுதான், நம் ஊருக்கு இது முக்கியம். 'I' வடிவத்தின் மேல், கீழ்ப் பட்டைகள்தான் ஃபிளேஞ்ச், நடுவே நிற்கும் தகடு வெப். வெளிநாட்டுக் கையேடுகளில் வரையப்படும் பீமில் பெரும்பாலும் ஃபிளேஞ்சின் இரு முகமும் இணையாக இருக்கும். நம் பழைய ஷெட்களில் நிற்கும் ஐஎஸ்எம்பி அப்படி இல்லை. வெப்புக்கும் ஃபிளேஞ்சின் உள்முகத்துக்கும் இடையே 98 டிகிரி. அதாவது உள்முகம் 8 டிகிரி சாய்ந்திருக்கும். ஐஎஸ்எம்பி 300-இல் ஃபிளேஞ்ச் அகலம் 140 மி.மீ., தடிமன் 12.4 மி.மீ. என்று பழைய கைப்புத்தகம் சொல்லும். அந்தத் தடிமன் ஃபிளேஞ்சின் பாதிச் சிறகின் நடுவில் அளப்பது. கணக்குப் போட்டால் ஓரத்தில் 8 மி.மீ.க்குப் பக்கம், வெப்பை ஒட்டி 17 மி.மீ.க்குப் பக்கம் வரும். வெர்னியரை வைத்து அளந்தபோது, பெயின்ட் அடுக்கையும் சேர்த்து, ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

கிளாம்பின் தாடைகள் உட்காருவது கீழ் ஃபிளேஞ்சின் இந்தச் சாய்ந்த முகத்தின்மேல். தட்டையான ஃபிளேஞ்சுக்கு என்று செய்த தாடை இங்கே முகம் முழுக்கப் படியாது, ஒரு கோட்டில் மட்டும் தொடும். அதைவிட மோசம், சாய்வு வெளிப்பக்கம் இறங்குகிறது. கீழே இழுத்தால் தாடை ஓரத்தை நோக்கி வழுக்கப் பார்க்கும். 8 டிகிரியின் டேன்ஜென்ட் 0.14. காய்ந்த இரும்புக்கு இரும்பு உராய்வு இதைவிடக் கூடுதலாக இருக்கும். கிரேன் எண்ணெய் சொட்டி ஊறிய பெயின்ட்டின்மேல் இதைவிடக் கீழே போய்விடக்கூடும். அப்புறம் தாடைகள் விலகாமல் பிடித்துக்கொள்வது நடுத்தண்டும் அதிலுள்ள பூட்டும் மட்டுமே. 6 கிலோநியூட்டன் சுமையில் ஒரு தாடைக்கு 3. அதில் வெளித்தள்ளும் பங்கு 0.4 கிலோநியூட்டனுக்குச் சற்று மேல். பெரிய விசை இல்லைதான். ஆனால் பூட்டு ஏதும் இல்லாமல் வெறும் திருகுப் பிடிமானத்தை நம்பும் கிளாம்பில், அது ஒவ்வொரு இழுப்பிலும் வந்து போய்க்கொண்டே இருக்கும்.

எங்களிடம் இருந்த ஸ்லைடிங் ஆங்கரின் கையேட்டில் ஃபிளேஞ்ச் அகலம் எவ்வளவு முதல் எவ்வளவு வரை, தடிமன் அதிகபட்சம் எவ்வளவு என்றெல்லாம் இருந்தது. சாய்வு பற்றி ஒரு வரிகூட இல்லை. அகலமும் தடிமனும் பொருந்தியதாலேயே பொருந்திவிட்டது என்று எடுத்துக்கொண்டுதான் அதுவரை பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பீம் எந்தத் திசையில் பலவீனம்

கிளாம்ப் போதும், பீம் தாங்குமா என்ற கேள்வியைத் தொழிற்சாலையின் சிவில் பொறியாளரிடம் கொடுத்தோம். இந்தக் கணக்கைப் பயிற்றுநர் தானே போட்டுக்கொள்ளக் கூடாது. ஆனால் போட்டுக் காட்டியதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

6 மீட்டர் பீமின் நடுவே 12 கிலோநியூட்டன் நேர் கீழே இழுத்தால் வளைவுத் திருப்புமை 18 கிலோநியூட்டன்-மீட்டர். ஐஎஸ்எம்பி 300-இன் செக்ஷன் மாடுலஸ் (வளைவை எதிர்க்கும் திறனின் அளவு) 573.6 கன செ.மீ. தகைவு 31 மெகாபாஸ்கல் அளவு. சாதாரணக் கட்டுமான இரும்பு 250-இல்தான் நெகிழத் தொடங்கும் என்பதால் இது கவலையே இல்லாத எண். இனி அதே 12-ஐப் பக்கவாட்டில் இழுப்பதாக வையுங்கள். அந்தத் திசையில் செக்ஷன் மாடுலஸ் வெறும் 64.8. தகைவு 278-க்குப் போய்விடும், பீம் நிரந்தரமாகக் கோணிக்கொள்ளும். ஒன்பது மடங்கு வித்தியாசம். அதுவும் முழு பீமும் சேர்ந்து எதிர்ப்பதாக வைத்த கணக்கு; கிளாம்ப் கீழ் ஃபிளேஞ்சை மட்டும் பிடித்து இழுக்கும்போது பீம் முறுக்கவும் செய்யும், நிலைமை இன்னும் மோசமாகும்.

12 பயிற்சியில் வரப்போவதில்லை. ஆனால் சிக்கிக்கொண்ட ஸ்ட்ரெச்சரின் 6 வரும். புல்லியிலிருந்து இறங்கும் கயிற்றைப் பத்தடி தள்ளி நிற்கும் குழு பக்கவாட்டில் இழுத்தால், அதில் ஒரு பங்கு பீமின் பலவீனமான திசைக்குப் போகும். பொறியாளர் போட்ட நிபந்தனை எளிமையானது: இழுப்பு செங்குத்திலிருந்து 15 டிகிரிக்குமேல் சாயக் கூடாது. பீமின் இரு முனையிலும் உள்ள போல்ட் இணைப்புகளைப் பார்த்துவிட்டு, ஃபிளேஞ்ச் வெட்டப்பட்டிருந்த ஒரு பீமைப் பயன்படுத்தவே கூடாது என்று குறித்தும் கொடுத்தார். கிரேன் ஓடும் பகுதியில் இருந்த பீம்களை நாங்களே விலக்கிவிட்டோம்.

சாக்பீஸ் கோடு

உடைத்துப் பார்ப்பது தயாரிப்பாளரின் வேலை. நாங்கள் பார்த்தது நகர்கிறதா, தளர்கிறதா, முகம் படிந்து உட்காருகிறதா என்பதை மட்டும். தாடை ஓரத்தில் பீம்மேல் சாக்பீஸ் கோடு போட்டு, லோடு செல் வழியாக லீவர் ஹாய்ஸ்ட்டால் 6 கிலோநியூட்டன் வரை இழுத்து நிறுத்தினோம். அப்புறம் 200 லிட்டர் பீப்பாய் நிறையத் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தோம். பீப்பாய் எடையோடு சேர்த்தால் அது இரண்டு ஆள் சுமைக்குச் சற்று மேல். இந்தக் கட்டத்தில் ஆள் யாரும் தொங்கவில்லை, கீழேயும் யாரும் நிற்கவில்லை.

ஸ்லைடிங் ஆங்கர் நேர் கீழே இழுத்தபோது அசையவில்லை. கயிறு பீமின் நீளவாக்கில் கொஞ்சம் சாய்ந்ததுமே கோட்டைத் தாண்டி நகர்ந்தது. அதற்காகவே செய்யப்பட்ட பொருள் நகர்ந்ததில் குற்றம் சொல்ல முடியாது: பீம்மேல் நடந்து வேலை செய்யும் ஆளின் கூடவே வர வேண்டும் என்பதுதான் அதன் வடிவமைப்பு. மீட்பில் புல்லி நகர்ந்தால் மேன்ஹோலுக்கு நேர் மேலே இருந்த கயிறு உதட்டில் உரசத் தொடங்கும், கீழே ஸ்ட்ரெச்சர் ஊசலாடும்.

ஸ்டோரின் திருகுக் கிளாம்பை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் மாட்டினோம். 6-ஐச் சட்டை செய்யவே இல்லை. பீப்பாய் ஏறி இறங்க இறங்க அதன் திருகுக் கைப்பிடி மெல்லத் திரும்பியிருந்தது; கைப்பிடியில் போட்ட கோடும் உடலில் போட்ட கோடும் விலகி நின்றன. செயின் பிளாக் நிதானமாகத் தூக்கும் சரக்கில் இது தெரியாது.

மூன்றாவதாக, ஆள் ஆங்கர் என்று சான்று பெற்ற, நகராத வகைக் கிளாம்ப் ஒன்றைச் சோதனைக்கு வாங்கியிருந்தோம். இரண்டு தாடை, நடுவே போல்ட், அதற்குப் பூட்டு நட், எந்தப் பக்கமும் திரும்பும் கண். சாய்ந்த ஃபிளேஞ்சுக்கும் ஏற்றது என்று கையேட்டிலேயே இருந்தது. தாடையின் உள்முகம் வளைவாக இருந்ததால் எங்கள் பீமில் ஒட்டி உட்கார்ந்தது. கோடு அசையவில்லை, நட்டும் திரும்பவில்லை. கனம்தான் தொல்லை. ஏணியில் நின்று ஒரு கையால் மாட்ட முடியாது. இரண்டு பேர் வேண்டும், இல்லையென்றால் கயிறு கட்டி மேலே ஏற்ற வேண்டும்.

நான்காவது, பிளாஸ்டிக் உறை போட்ட வயர் ரோப் ஆங்கர் ஸ்லிங். இதுவும் ஈஎன் 795 பி சான்று உள்ளது. பீமை முழுதாகச் சுற்றி இரு கண்ணையும் சேர்த்து மாட்டினால் சாய்வு, தாடை, திருகு என்ற பேச்சே இல்லை. ஒரு கண்ணை இன்னொன்றில் நுழைத்துச் சுருக்குப் போட்டால் பலம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், அதனால் அதைத் தவிர்த்தோம். ஃபிளேஞ்ச் ஓரத்தில் வயர் மடிவதைத் தடுக்க, நெடுக்கில் பாதியாக அறுத்த குழாய்த் துண்டுகளை வைத்தோம். விலையும் கிளாம்பைவிட வெகு குறைவு. எனக்குக் கேட்டால் சுற்ற முடிகிற பீமில் ஸ்லிங்கைத் தவிர வேறு எதையும் யோசிக்க மாட்டேன். ஆனால் மேல்தளத்தின் பீம்கள்மேல் செக்கர்டு பிளேட் (தளத்தில் விரிக்கும் வரி போட்ட இரும்புத் தகடு) வெல்டிங் செய்திருந்தது, சுற்றி வர வழியில்லை. பயிற்சிக்கான மாதிரித் தொட்டி இருந்த இடமோ சரியாக அந்தத் தளத்தின் அடியில்.

வாங்கியது, ஒதுக்கியது

திறந்த பீம்களுக்கு வயர் ஸ்லிங். செக்கர்டு பிளேட் உள்ள பீம்களுக்கு நகராத கிளாம்ப், ஒரு பயிற்சி இடத்துக்கு இரண்டு வீதம், முதன்மைக் கயிற்றுக்கு ஒன்று, இரண்டாம் கயிற்றுக்கு ஒன்று. ஆர்டர் போடும் முன் தயாரிப்பாளரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டோம்: 200 கிலோ மீட்புச் சுமைக்குப் பயன்படுத்தலாமா, புல்லி மாட்டி இழுக்கலாமா, 8 டிகிரி சாய்ந்த ஃபிளேஞ்சில் உடையும் பலம் எவ்வளவு. ஒரு நிறுவனம் கையேட்டையே திருப்பி அனுப்பியது. ஒரு நிறுவனம் மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் தந்து, சாய்ந்த ஃபிளேஞ்சில் 22 கிலோநியூட்டனுக்குமேல் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. விலை கூடுதல்தான், அவர்களிடமே வாங்கினோம்.

சாய்வு இழுப்புக்குக் கிளாம்பால் தீர்வு தேடவில்லை. தரையில் இழுக்கும் குழுவின் புல்லியைப் பீமுக்கு நேர் கீழே, தரையில் இருந்த பழைய இயந்திரப் பீடத்தின் ஃபவுண்டேஷன் போல்ட்டுக்கு மாற்றினோம். குழு எங்கே நின்று இழுத்தாலும் மேலே போகும் கயிறு செங்குத்தாகவே இருக்கும். தொட்டிப் பயிற்சியில் 4:1 ரெடிமேட் டேக்கிள் ஒன்றைக் கிளாம்பிலேயே நேராகத் தொங்கவிட்டதும் நல்ல மாற்றம். கீழ்நோக்கி இழுத்தாலும் பீமுக்கு வருவது 2-உடன் அதில் கால் பங்கு சேர்த்து இரண்டரைதான், உராய்வுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். வெறும் புல்லி வழியாக இழுத்தால் வரும் 4-ஐவிட அது எவ்வளவோ மேல். சிக்கிக்கொண்டால் மிகையாக இழுப்பதைத் தடுக்க, இழுக்கும் ஆட்களை இரண்டாகக் குறைத்தோம்.

ஸ்லைடிங் ஆங்கர்களை வீணாக்கவில்லை. பீமுக்குப் பக்கத்தில் நின்று கயிறு கட்டும் பயிற்றுநரின் சொந்த லேன்யார்டுக்கு, ஓர் ஆள், விழுந்தால் பிடிக்க என்ற அதன் வேலைக்கே, இணை ஃபிளேஞ்ச் உள்ள பீம்களில் மட்டும் வைத்துக்கொண்டோம். ஷெட்டின் புதிய பகுதியில் இருந்த என்பிபி வகைப் பீம்கள் அதற்குச் சரியாக அமைந்தன. திருகுக் கிளாம்ப்கள் ஸ்டோருக்கே திரும்பிப் போயின. பயிற்சி நாளில் யாராவது அவசரத்துக்கு எடுத்து வந்துவிடக் கூடாது என்று அவற்றுக்குச் சிவப்பு பெயின்ட் அடிக்கச் சொன்னோம். அடித்தது அந்த ஃபோர்மேன்தான்.

பராமரிப்புக்கு, தூக்கும் சாதனங்களுக்கான பிரிட்டனின் 1998-ஆம் ஆண்டு லோலர் விதியைப் பின்பற்றினோம். ஆட்களைத் தூக்கும் சாதனத்துக்கு ஆறு மாதத்துக்கொரு முறை தகுதியுள்ளவர் சோதனை என்பது அதன் கணக்கு. அதுபோக ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் நட், தாடை முகம், கண் மூன்றையும் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்து. ஏதாவது ஒரு கிளாம்ப் தவறி கீழே விழுந்தால் பயிற்சியிலிருந்து எடுத்துவிடுவது, விளக்கம் கேட்பதில்லை.

இன்னும் தீராத ஒன்று உண்டு. பயிற்சி முடித்துப் போகிறவர்கள் தங்கள் பிளான்ட்டில் வேறு பீம்களைப் பார்ப்பார்கள், பாக்ஸ் செக்ஷன், குழாய் டிரஸ் எல்லாம் இருக்கும். கிளாம்ப் எதுவும் அவற்றில் உட்காராது. இப்போதைக்குப் பாடத்தின் முதல் நாளிலேயே ஆளுக்கொரு வெர்னியரைக் கொடுத்து, ஷெட்டில் உள்ள பீம்களின் ஃபிளேஞ்சை ஓரத்திலும் வெப் ஓரமாகவும் அளந்து வரச் சொல்கிறோம். இரண்டு அளவும் வேறாக வந்தால் எந்தக் கிளாம்பை எடுக்கக் கூடாது என்று அவர்களே எழுத வேண்டும்.